தம்பி வராத மேட்ச்

இந்த வருஷம் தை மாதம் முடியப்போகிற நேரத்தில், சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் நடந்தது இது. எனக்கு ஊர் செஞ்சி. தாலுக்கா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டாவுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வருகிறவர்களுக்கு ஆன்லைனில் பதிந்து கொடுப்பேன். சர்வதேச மேட்சை நேரில் பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு யார் எத்தனை ரன் அடித்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த நாளை மறக்கவே முடியாது.

என் தம்பி என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அவன் தவழ்கிற பருவத்திலேயே அம்மா போய்விட்டாள். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது நான்தான். நைனா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். சாயங்காலம் தவிடு ஒட்டிய உடம்போடு வந்து, அவனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் முகமே கழுவுவார்.

கிரிக்கெட் எங்களுக்குள் நுழைந்தது எதிர் வீட்டு டிவி மூலமாக. அவன் கோயில் சுவரில் கரிக்கட்டையால் ஸ்டம்ப் கோடு போட்டு பந்து வீசுவான், நான் தென்னை மட்டையோடு நிற்பேன். பெரியவனாகி நர்சிங் படிக்கப் புதுச்சேரி போனபோது, "மொத சம்பளத்துல உன்ன சேப்பாக்கத்துக்கு இட்டுனு போறேன்க்கா, பாரு" என்றான். முதல் சம்பளம் வந்தபோது அவன் நியூசிலாந்தில் இருந்தான். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை.

போய் எட்டு வருஷம் ஆகிறது. அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். நாங்கள் அதைப் போனில்தான் பார்த்தோம். நைனா புது வேட்டி கட்டி, தலை வாரி, போன் எதிரே கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அந்தப் பொண்ணு சிரிச்ச மூஞ்சியா இருக்குது" என்று அக்கம்பக்கம் எல்லாரிடமும் சொன்னார்.

அதற்கடுத்த வருஷம்தான் ஊரடங்கு. அந்தச் சமயத்தில் நைனா இறந்தார். விமானமே ஓடாத நேரம். அடக்கத்தையும் தம்பி போனில்தான் பார்த்தான். கல்லறைத் தோட்டத்தில் சிக்னல் போய்ப் போய் வந்தது. மண் போடுகிற நேரத்தில் சுத்தமாகக் கட்டாகிவிட்டது. அன்று ராத்திரி கூப்பிட்டு, "எல்லாம் முடிஞ்சிருச்சா?" என்று மட்டும் கேட்டான். "முடிஞ்சிதுடா" என்றேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவன் நைனாவைப் பற்றிப் பேசியதே இல்லை. வாரா வாரம் போன் செய்வான். என் மகள் படிப்பு, மாட்டுக்குச் சினை பிடித்ததா, மாடியில் ஷீட் போட்டாச்சா, இதெல்லாம் கேட்பான். நைனா பெயர் வந்தால், "சரிக்கா, வேல இருக்குது" என்று வைத்துவிடுவான். விமானம் எல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்தது. துபாய்க்காரர்கள் வந்தார்கள், சிங்கப்பூர்க்காரர்கள் வந்தார்கள். இவன் மட்டும் "அடுத்த வருஷம்க்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. அவனுக்கு இப்போது வேறு குடும்பம், வேறு ஊர், நாம் ஞாபகத்தில் எங்கே இருக்கப்போகிறோம் என்று மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வெளியே சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் குதித்துக்கொண்டு போன் செய்தான்.

"அக்கா, சென்னைல எங்க டீம் மேட்ச் இருக்குது. மாமனாருக்கு எப்படியாவது பாக்கணுமாம். அவரு, அத்தை, நான், மூணு பேரும் வரோம். நாலு டிக்கெட் போடு. நீயும்தான்!"

'எங்க டீம்' என்று நியூசிலாந்தைச் சொன்னான். அது சுருக்கென்று குத்தினாலும், வருகிறான் என்ற சந்தோஷத்தில் அமுங்கிப்போனது. அவன் மனைவிக்குக் கைக்குழந்தை, அதனால் அவள் வரவில்லை. இந்தியா ஆடாத மேட்ச் என்பதால் டிக்கெட் சுலபமாகக் கிடைத்தது. வரிசையாக நாலு சீட். அவன் படுக்கிற அறைக்கு வெள்ளை அடித்தேன். தொண்டூரிலிருந்து வருகிற ஒரு அம்மாவிடம் நாட்டுக்கோழி சொல்லி வைத்தேன். என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர், அதிகம் பேசமாட்டார். அவரே, "மச்சான் வரான்" என்று டெப்போவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அவர்கள் விமானம் ஏறுகிற அன்று தம்பியிடமிருந்து போன்.

"அக்கா, கடைசி நேரத்துல லீவு குடுக்கல. அவங்க ரெண்டு பேரும் வராங்க. நீ பாத்துக்க."

அவ்வளவு சொல்லிவிட்டு வைத்துவிட்டான். வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடும்போது, "அந்த நாலாவது டிக்கெட்ட இன்னா பண்ணப் போற?" என்றார். "இருக்கட்டும்" என்றேன்.

மாமனாரும் மாமியாரும் வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் எழுபது வயதுக்குப் பக்கம். பால் பண்ணை வைத்துப் பிழைத்த குடும்பம். அவர் நல்ல உயரம், பேச்சு கம்மி. வந்த அன்றைக்கே எங்கள் மாட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். தெருவே வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தது. நான் அவர்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். விண்ணப்பப் படிவத்து இங்கிலீஷ்தான் எனக்குத் தெரியும். அவர்கள் பேசுவதில் பாதி புரியும், பாதி கையைக் காட்டிச் சமாளிப்போம்.

முதல் நாள் சாப்பாட்டின்போதுதான் அது நடந்தது. நான் சாம்பார் கிண்ணத்தை நீட்டி ஏதோ கேட்டேன். ஆன்ட்டிக்குக் காதில் விழவில்லை போல. சட்டென்று என் பக்கம் திரும்பி, "இன்னா?" என்றார்.

நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அச்சு அசலாக எங்கள் ஊர் 'இன்னா'. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆன்ட்டிக்கும் சிரிப்பு. அவன் வீட்டில் அப்படித்தான் கேட்பானாம், இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டதாம். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. வேலை முடித்து உட்காரும்போது, "போதும்டா சாமி." பேரக்குழந்தை அழுதால், "இன்னாடி ஆச்சி உனக்கு?" அங்கிள்கூட அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொல்லிக் காட்டினார்: "சாப்டியா?" தம்பி தினமும் அவரைக் கேட்பானாம்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனபோது கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. என் தம்பியின் குரல் இந்த இரண்டு பேருக்குள் உட்கார்ந்துகொண்டு என் வீட்டில் சாப்பிடுகிறது, அவனைத்தான் காணோம். அதற்குப் பிறகு இருந்த நாட்களில் நான் அவர்களை விருந்தாளியாகப் பார்க்கவில்லை. அவனைத் தேடிக்கொண்டே இருந்தேன். கோட்டைக்குக் கூட்டிப் போனபோதும், மலை ஏறியபடி அவனைப் பற்றியே கேட்டேன். குளிர் தாங்குகிறானா? இளைத்துவிட்டானா? சோற்றுக்கு என்ன செய்கிறான்? ஆன்ட்டி மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னார். சனிக்கிழமைகளில் அந்த ஊர் டீமில் பந்து வீசுகிறானாம். இல்லத்தில் இருக்கிற கிழவர்கள் அவன் டியூட்டி எப்போது என்று கேட்டுக் காத்திருப்பார்களாம். இதெல்லாம் அவன் என்னிடம் சொன்னதே இல்லை. ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம், என் தம்பியைப் பற்றி இவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற நிலைமை வந்துவிட்டதே என்று நெஞ்சு வலித்தது.

மேட்ச் அன்று விடிவதற்கு முன்பே வாடகைக் காரில் கிளம்பினோம். திண்டிவனம் தாண்டும்போது வெளிச்சம் வந்தது. அங்கிள் சின்னப் பிள்ளை மாதிரி கறுப்புத் தொப்பியை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தார். அது அவர்கள் அணியின் தொப்பி. எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தார்.

படி ஏறி உள்ளே நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். டிவியில் இத்தனை வருஷம் பார்த்த அதே பச்சைதான். ஆனால் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கவில்லை. பயிற்சி பண்ணிக்கொண்டிருந்தவர்கள் பந்தை அடிக்கிற சத்தம் டிவியில் கேட்கிற மாதிரி இல்லை. சுத்தியலால் தேக்குக் கட்டையில் அடிப்பது போல் இருந்தது. "டேய், பாருடா" என்று வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தது அங்கிள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கண் கலங்க மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டலாம் என்று பார்த்தேன். அத்தனை பேர் கூடிய இடத்தில் நெட் கிடைக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

உட்கார்ந்தோம். ஓரத்தில் அங்கிள், அடுத்து ஆன்ட்டி, அப்புறம் நான். எனக்கு இந்தப் பக்கம் நாலாவது சீட். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, அங்கிள் கொடுத்த தொப்பியை அதில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. கை தானாக வைத்தது.

ஆட்டம் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். சென்னைக் கூட்டம் இரண்டு அணிக்குமே கை தட்டியது. அங்கிள் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் குனிந்து, பின்னால் சாய்ந்து, தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தார். முதல் பாதி முடிந்து, அவர்கள் அணி மட்டை பிடிக்க ஆரம்பித்த நேரம். வெயில் ஏறிவிட்டது. வெயில் விழுகிற பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நிழலைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். பெண் குழந்தையோடு வந்த ஒருவர் தொப்பியைப் பார்த்துவிட்டு, "மேடம், இது காலிதானே?" என்றார்.

"இல்லங்க. ஆள் வருது" என்றேன்.

அவர் போய்விட்டார். ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்தார். அவரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை. ஆள் வருகிறது என்று சொன்னேன் என்றேன்.

ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தார். புரியாத இடத்தில் திரும்பச் சொன்னார்.

லீவு கிடைக்காமல் இல்லையாம். லீவு, டிக்கெட், பெட்டி எல்லாம் தயாராக இருந்ததாம். அவன்தான் காரை ஓட்டிக்கொண்டு ஏர்போர்ட் வந்திருக்கிறான். பெட்டியோடு வரிசையிலும் நின்றிருக்கிறான். இவர்கள் முறை வந்தபோது திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம். முகம் பூராவும் வேர்வை. ஆன்ட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டபோது அவன் சொன்னானாம்: புதுச்சேரியிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் போகாத வரைக்கும் அவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறார். நான் போய் இறங்கினால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

போகாமல் இருந்துவிடுகிறோம் என்று இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா வழி பார்த்துக்கொண்டிருப்பாள், நீங்களாவது போங்கள், லீவு இல்லை என்று சொல்லிவிடுகிறேன் என்று அனுப்பி வைத்தானாம்.

ஆன்ட்டி இன்னொன்றும் சொன்னார். அப்பா கடைசி நேரத்தில் அவனைக் கேட்டாரா, தேடினாரா என்று அவனுக்குத் தெரியாது. அதை அக்காவிடம் கேட்கப் பயம். கேட்டதாகச் சொல்லிவிட்டால் எப்படித் தாங்குவது, கேட்கவில்லை என்று சொன்னால் அதை எப்படித் தாங்குவது என்று அவன் மனைவியிடம் ஒரு நாள் அழுதிருக்கிறானாம்.

அந்த நேரம் பார்த்து யாரோ சிக்ஸர் அடித்தார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து கத்தியது. அங்கிள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். நான் மட்டும் தலையைக் குனிந்து, புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ஆன்ட்டி மைதானத்தைப் பார்த்தபடியே என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக நான் அவனை மனசுக்குள் திட்டியிருப்பேன்! மறந்துவிட்டவன் என்றுதானே நினைத்தேன்.

அவர்கள் அணி ஜெயித்தது. எங்களுக்கு முன் வரிசையில் இருந்த சென்னைப் பையன்கள் அங்கிளோடு கை குலுக்கி செல்பி எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்து, கூட்டம் கலைகிற வரைக்கும் ரோட்டோரம் ஒரு மரத்தடியில் நின்றோம். அங்கேதான் போனுக்கு சிக்னல் வந்தது. வந்த உடனே தம்பி கூப்பிட்டான்.

"அக்கா! பாத்தியா? ஜெயிச்சிட்டோம்! எங்க உக்காந்துனு இருந்த நீ? நான் டிவில தேடித் தேடிப் பாத்தேன்."

"டேய்" என்றேன். "நைனாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்டா. வெச்சிடாத."

வைத்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. சுற்றிலும் ஊதல் சத்தம், ஆட்டோ ஹாரன். ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு சாயங்காலம் நல்லாதான்டா இருந்தாரு. டீ கேட்டாரு. சக்கர சேத்துப் போடச் சொன்னாரு. சுகர் இருக்குதே, சும்மா இருன்னு திட்டினேன். அப்புறம் பாவமா இருந்துச்சி, போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டு, 'நெஞ்ச இன்னாவோ பண்ணுது, படுக்கறேன்'னாரு. மூஞ்சியே மாறிப் போச்சி. நான் போன எடுத்தேன், உன்னக் கூப்பிடறேன் நைனான்னு."

தம்பி மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

"'அங்க இப்ப மணி இன்னா?'ன்னு கேட்டாரு. எப்பவும் கேப்பாரே, அதே மாதிரி. நடுராத்திரி தாண்டிருச்சி நைனான்னேன். 'டியூட்டி பாத்துட்டு வந்து படுத்திருப்பான். எழுப்பாத. காலைல பேசிக்கலாம்'னாரு. அவர்தான்டா எழுப்ப வேணாம்னாரு. ஆட்டோ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் ஆயிடுச்சி. அவரு உன்னத் தேடித் தவிக்கல. நீ தூங்கறன்னு நெனச்சிக்கினேதான்டா போனாரு."

அந்தப் பக்கத்திலிருந்து அழுகை வந்தது. அவன் சின்னப் பையனாக இருந்தபோது அழுத அதே அழுகை, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. நானும் அழுதேன். ரோட்டில் போகிற ஜனம் திரும்பிப் பார்த்தது. அங்கிளும் ஆன்ட்டியும் எனக்கு முன்னால் வந்து, கூட்டம் இடிக்காதபடி நின்றுகொண்டார்கள்.

"இதெல்லாம் ஏன்க்கா எனக்குச் சொல்லல?" என்றான்.

"நீ கேக்கலயேடா."

"ம்..." என்றான். பிறகு மெதுவாக, "இன்னும் சொல்லுக்கா" என்றான்.

சொன்னேன். நைனாவுக்கு என்ன சட்டை போட்டோம், யார் யார் தூக்கினார்கள், ஊரடங்கிலும் மில்லில் அவரோடு வேலை செய்தவர்கள் எப்படித் தள்ளித் தள்ளி நின்று கும்பிட்டார்கள், ஃபாதர் என்ன ஜெபம் சொன்னார், சிக்னல் கட்டான பிறகு அவன் சார்பாக நான் எப்படி இன்னொரு பிடி மண் போட்டேன் என்று எல்லாம். காருக்கு நடக்கும்போதும் சொன்னேன். கார் தாம்பரம் தாண்டும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். பின் சீட்டில் ஆன்ட்டி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போகிற அன்று, பெட்டியில் இடம் இல்லாவிட்டாலும் இடம் பண்ணி, தம்பிக்கென்று முறுக்கும் கருவாட்டுப் பொடியும் வைத்தேன். அங்கிள் மாட்டைக் கடைசியாக ஒரு தடவை தட்டிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். ஏதோ சொல்ல வந்து, வார்த்தை கிடைக்காமல், தெரிந்த ஒரே தமிழைச் சொன்னார். "சாப்டியா?" நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

தம்பி இன்னும் வரவில்லை. எப்போது வருகிறாய் என்று நானும் இப்போதெல்லாம் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் போன் வரும். மாடு, ஷீட், மகளின் படிப்பு எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி நைனாவைப் பற்றி ஒன்று கேட்பான். கடைசி காலத்தில் பீடியை விட்டாரா, அவன் கல்யாண போட்டோவை எப்போதாவது யாரிடமாவது காட்டிப் பேசினாரா, ராத்திரியில் இருமல் இருந்ததா என்று ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி. நான் தெரிந்ததைச் சொல்வேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவன் கொஞ்சம் கொஞ்சமாக ஊரை நெருங்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி, இனிமேல் அவனைக் கோபமில்லாமல் எதிர்பார்க்க என்னால் முடியும்.